மாமாவுக்கு ஒதுக்கி வைத்த கட்டை

என் ராசாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் வரப்போகிற பெண்ணைப் பற்றி. வயசுக் கோளாறு, நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி அரைப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: "கல்யாண விறகை மெஷினில் பிளந்துகொள்ளலாம் அம்மா, மாமாவுக்கு எதற்கு வீண் சிரமம்?" சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது அதைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். சாம்பார் அடிப்பிடித்துப்போனது. அமைப்பாளர் அம்மாவே இப்படிச் செய்யலாமா என்று ஆயா என்னைத் திட்டினாள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதிய அந்த வரியில் ஒரு தப்பும் இல்லை. நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறாய். ஆனால் அதே வரியை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், உன் அக்கா கல்யாணத்தின்போது நான் உங்கப்பாவிடம் சொன்னேன். நல்ல மனசோடுதான் சொன்னேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ஒரு நாள் ஒன்றாக இருக்கிறது, மறுநாள் வேறாக இருக்கிறது. அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் என்று ஒளித்துவைக்க வேண்டாம். அக்கா படிக்கட்டும், அரியலூர் மாப்பிள்ளை படிக்கட்டும், வரப்போகிற மருமகளும் படிக்கட்டும். நான் எப்படிப்பட்ட மாமியார் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவளுக்கும் நல்லதுதானே.

அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை என்று தாலி கட்டுகிற அன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்கினாய், சாப்பிட்டாய், போய்விட்டாய். அதற்குப் பத்து நாள் முன்னால் நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "மாமா ஏம்மா முன்ன மாதிரி இல்ல?" என்று நீ கேட்டபோதெல்லாம் நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது முழுசாகக் கேள்.

பாடாலூர்ப் பக்கம் எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண விறகில் முதல் கட்டையைத் தாய்மாமன்தான் பிளக்க வேண்டும். கட்டைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கிழக்கே பார்த்துக் கிடத்தி, மாமன் கோடாலியால் ஒரே போடாகப் போட வேண்டும். பெண்கள் குலவை போடுவார்கள். அந்தக் கட்டையின் சிறாயை எடுத்துத்தான் கல்யாண அடுப்பில் முதல் தீ மூட்டுவார்கள். தாய்மாமன் கை படாத விறகில் பொங்கிய சோறு வயிற்றில் ஒட்டாது என்று எங்கள் சனம் சொல்லும். ஒட்டுமோ ஒட்டாதோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, என் அண்ணன் அந்த நாளுக்காக அக்கா பிறந்ததிலிருந்தே காத்திருந்தார் என்பதுதான். அக்காவைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கே, "இவ கல்யாணத்துக்கு நான் புளியங்கட்டைய ஒரே போடுல போடுறேனா இல்லையா பாரு" என்று சவால் விட்ட மனுஷன் அவர்.

அண்ணனுக்குத் தொழிலே அதுதான் என்பது உனக்குத் தெரியும். பெரம்பலூரில் அந்த விறகுக் கடையில் விறகு உடைக்கிறவர். புளி, முந்திரி, வாகை, எந்தக் கட்டையானாலும் முதலில் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். இரண்டு முனையையும் பார்ப்பார். கோடாலியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். முடிச்சு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வாய் திறக்கும் என்று தெரிந்த பிறகுதான் ஓங்குவார். ஆப்பு அடித்து, சம்மட்டியால் நாலு பேர் மாறி மாறி அறைகிற கட்டையை அவர் தனியாக உடைத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். நான் தாலுகா ஆபீஸ் கிளார்க்கைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தேன். அவர் கோடாலியோடு அதே டவுனுக்கு வந்தார். தெருவில் பார்த்தால், "என்னா பாப்பா, கறிகாயி வாங்க வந்தியா?" என்று தூரத்திலிருந்தே சத்தம் போடுவார். வெற்று மேல், இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் மரத்தூள். பக்கத்தில் ஆபீஸர் வீட்டுப் பெண்கள் யாராவது வந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தது போலாகிவிடும்.

அக்காவுக்கு மாசியில் கல்யாணம் என்று முடிவானதும், விறகு உடைக்க ஒரு வெள்ளிக்கிழமை குறித்து அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்கு அப்புறம் ஒரு நாள் அண்ணி மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். "உங்கண்ணனுக்கு இளைப்பு ஜாஸ்தியாயிடுச்சு புள்ள. நாலு கட்ட ஒடைச்சா உக்காந்துடறாரு. டாக்டரு கோடாலியே தொடக்கூடாதுன்னுட்டாரு. வெளிய தெரிஞ்சா கடையில நிப்பாட்டிடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. நீயும் விட்டுடாத" என்றாள். போகும்போது வாசலில் நின்று, "அவரக் கூப்பிடாம இருந்துடாத. ஆனா அவர ஒடைக்கவும் விட்டுடாத" என்றாள். இதற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? கூப்பிடவும் வேண்டும், உடைக்கவும் கூடாது. என் மண்டை குழம்பிப்போனது.

அந்த வாரத்தில்தான் அரியலூரிலிருந்து சம்பந்தி வீட்டார் கார்டு போட்டார்கள். திருச்சிக்குப் பட்டு எடுக்கப் போகிறார்களாம், வழியில் நம் வீட்டில் இறங்கி ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போவார்களாம். எந்த நாள் தெரியுமா? அதே வெள்ளிக்கிழமை. சம்பந்தி அம்மா சிமெண்ட் ஆலைக்காரர் வீட்டு அம்மா. கைக்குட்டை வைத்துக்கொண்டு நடக்கிறவர்.

அந்த வாரத்தில்தான் நான் மெஷினுக்கும் சொன்னேன். பாடாலூர் மெயின் ரோட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவர் புதிதாகச் செய்திருந்தார். கிணற்றுக்கு வைக்கிற ஆயில் எஞ்சின், அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் இரும்பில் ஒரு பெரிய திருகாணி. கூம்பு மாதிரி இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கிற அந்தக் கூம்பில் கட்டையை முட்டுக்கொடுத்தால் அது திருகிக்கொண்டே உள்ளே போகும். 'டப்' என்று ஒரு சத்தம், கட்டை இரண்டாகி விழுந்துவிடும். எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவருவார். ஊரே வேடிக்கை பார்க்கும். வியாழக்கிழமை வரச் சொன்னேன். ஒரு காலைப் பொழுதில் மொத்த விறகும் முடிந்துவிட்டது.

இப்போது நீ இதைக் கவனி. அண்ணி வந்தது, கார்டு வந்தது, நான் மெஷினுக்குச் சொன்னது, இந்த மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தன. ஆனால் எதற்குப் பின் எது? அண்ணி வந்து சொன்ன உடனே நான் மெஷினுக்குச் சொல்லியிருந்தால் அது அண்ணன்மேல் இருந்த பாசம். கார்டு வந்த பிறகு சொல்லியிருந்தால்? சம்பந்தி அம்மா காபி குடிக்கிற நேரத்தில் என் கூடப்பிறந்தவர் கொல்லையில் வெற்று மேலோடு வேர்த்து விறுவிறுத்து விறகு உடைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்திருந்தால்? பழைய கடிதம் குத்தி வைக்கிற கம்பியைக் கூடப் போன மாதம் உருவிப் பார்த்துவிட்டேன். கார்டு இருக்கிறது, தபால் முத்திரையும் தெளிவாகவே இருக்கிறது. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் மெஷின்காரருக்கு என்றைக்குச் சொல்லி அனுப்பினேன் என்பது எந்தக் கம்பியிலும் குத்தி வைக்கப்படவில்லையே. உங்கப்பாவைக் கேட்டேன். "உங்க அண்ணன் தங்கச்சி வழக்குக்கு நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

சரி, அதோடு விட்டேனா? இல்லை. இங்கேதான் நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து ஒன்று செய்தேன். சாங்கியத்துக்கு ஒரு கட்டை வேண்டுமே, மாமன் கை படாமல் முடியாதே. நல்ல புளியங்கட்டையாக ஒன்றை ஒதுக்கி வைத்தேன். பார்க்கப் பெரிய கட்டை. அண்ணன் சிரமப்படக்கூடாது என்று மெஷின்காரரிடம் சொல்லி, அதைக் கூம்பில் முக்கால்வாசி ஏற்றி, பிளக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்துவிடச் சொன்னேன். வெளியே பார்த்தால் முழுக் கட்டை. உள்ளே பாதிக்கு மேல் பிளவு விட்டுப்போயிருந்தது. ஓட்டை தெரிந்த இடத்தில் மரத்தூளை அடைத்து, அதன்மேல் மஞ்சளைக் குழைத்து அப்பினேன். நடுவில் குங்குமம். எனக்கே என் கைவேலை பெருமையாக இருந்தது. விரல் பட்டாலே விழுந்துவிடும், அண்ணனுக்கும் ஒரே போடில் போட்ட பெருமை, அண்ணி சொல்லிவிட்டுப் போனதையும் காப்பாற்றியாகிவிட்டது, சம்பந்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சலவைக்குப் போட்டு வாங்கியது, மடிப்புக் கலையவில்லை. அவரைச் சட்டையில் பார்த்து எத்தனை நாளாயிற்று! தோளில் கோடாலி, காம்பு புதிதாகப் போட்டது. கொல்லைக்கு வந்தவர் அடுக்கி வைத்திருந்த விறகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "என்னா பாப்பா, யாரு ஒடைச்சா?" என்றார். "மெஷின்ண்ணே. உனக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்" என்றேன். அந்த வார்த்தையை நீ உன் கடிதத்தில் எழுதியபோது எனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று இப்போது உனக்குப் புரியும். அவர் பிளந்து கிடந்த ஒரு சிம்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், கீழே போட்டார். முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "சரி, நம்ம கட்ட எங்க?" என்று சட்டையைக் கழற்றப் போனார். "சட்டையோடயே போடுண்ணே" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். கழற்றிவிட்டார்.

இதற்குள் சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். கல்யாண வீட்டுச் சடங்கு என்றதும் எல்லோரும் கொல்லைக்கே வந்து நின்றுகொண்டார்கள். அண்ணன் வழக்கம்போலக் கட்டையைச் சுற்றி நடக்கப் போனார். நல்ல நேரம் போகுது, போடுண்ணே போடுண்ணே என்று நான் அவசரப்படுத்தினேன். நடக்க விட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பார். அதனால் அவர் தட்டவும் இல்லை, காது கொடுக்கவும் இல்லை. சம்பந்திகள் பார்க்கிறார்கள், அக்கா கல்யாணம், புளியங்கட்டை. இருந்த பலத்தை எல்லாம் கூட்டித் தலைக்கு மேலே ஓங்கி ஒரே போடு போட்டார்.

கட்டை எதிர்க்கவே இல்லை. கோடாலி வெறும் காற்றில் போவது போலப் போய் மண்ணில் காம்பு வரைக்கும் இறங்கியது. அந்த வேகத்துக்கு அவர் உடம்பும் கூடவே போனது. முன்னால் குப்புறச் சரிந்து, முழங்கால் ஊன்றி, கையை ஊன்றி நின்றார். இருமல் வந்தது. குலவை போடப் போன பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இருமல் நிற்கவே இல்லை. நல்ல கட்டையாக இருந்திருந்தால் கோடாலியைப் பிடித்து நிறுத்தியிருக்கும். அவர் அடிபட்டது நான் அவருக்குச் செய்த உபகாரத்தால். சம்பந்தி அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, யாருங்க அது? உங்க ஆளுங்களா?" என்று கேட்டார்.

"எங்கண்ணன்ங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவருக்கு மூச்சு முட்டல் இருக்குங்க. டாக்டரே கோடாலியத் தொடக்கூடாதுன்னுட்டாரு. அதனாலதான் எல்லாத்தையும் மெஷின்ல உட்டு, இதையும் பாதி பொளந்தே வெச்சோம்" என்று சடசடவென்று கொட்டிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவர் விழுந்ததை அவருடைய சாமர்த்தியக் குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றா? அல்லது, நாங்கள் அண்ணனை விறகு உடைக்க வைக்கிற குடும்பம் இல்லை, மெஷின் வைக்கிற குடும்பம் என்று காட்டிக்கொள்ளவா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு வாய் திறந்ததில், அண்ணி காப்பாற்றச் சொன்னதும் போயிற்று, நான் மறைத்து வைத்ததும் வெளியே வந்துவிட்டது.

அண்ணன் எழுந்து உட்கார்ந்து, விழுந்து கிடந்த பாதிக் கட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மஞ்சளைக் கட்டை விரலால் துடைத்தார். உள்ளே திருகாணி போன தடம் வரி வரியாக இருந்தது. அந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே பாப்பா" என்றார். அவ்வளவுதான். கோபமாகக் கூட இல்லை. அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

கல்யாணத்துக்கு வந்தார். மாமன் சீர் செய்தார், மாலை எடுத்துக் கொடுத்தார், ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் விஷயம் ஒரு வாரத்தில் விறகுக் கடைக்குப் போய்விட்டது. நம் கொல்லையில் நின்ற கூட்டத்தில் யார் சொன்னார்கள் என்று தேடிப் பிரயோஜனமில்லை. சொன்னது நான்தான், மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவே. கடைக்காரர் அவர் கையிலிருந்த கோடாலியை வாங்கிவிட்டார். அடுத்த வருஷமே அதே மாதிரி ஒரு மெஷினை வாங்கிப்போட்டு அதில் அவரை நிறுத்தினார். இன்றைக்கும் அதில்தான் நிற்கிறார். நாள் முழுக்க எஞ்சின் புகையும் மரத்தூளும் அவர் நெஞ்சுக்குள் போகின்றன. கோடாலி அவர் மூச்சைக் கெடுத்ததா, மெஷின் கெடுக்கிறதா என்று யாரைக் கேட்பது? என் சத்துணவுக் கூடத்துக்கு விறகு அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு சிம்பின் முனையிலும் அந்தத் திருகாணி வரி இருக்கிறது. நான் வாங்கப் போனால், "வாங்கம்மா, எத்தனை கட்டு வேணும்?" என்பார். கடைக்கு வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் பேசுகிறார். குறை சொல்ல இடமே இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் அங்கே போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, அவனுக்கு வைகாசியில கல்யாணம்" என்று கத்திச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார். எனக்கும் மனசு லேசானது. அப்புறம் கேட்டார்: "விறகுக்கு நான் மெஷினக் கொண்டாரதா, கோடாலியக் கொண்டாரதா? நீங்க என்னா சொல்றீங்களோ அது."

குத்திக்காட்ட வேண்டும் என்று கேட்டதாகவும் தெரியவில்லை, சும்மா கேட்டதாகவும் தெரியவில்லை. மெஷின் என்றால் மறுபடியும் ஒருமுறை அவரை மாமன் இல்லை என்று சொன்னதாகும். கோடாலி என்றால், அந்த நெஞ்சோடு அவர் ஓங்க, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியை நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் இப்போது என்னைக் கேட்டுவிட்டார். "உன் இஷ்டம்ண்ணே" என்றேன். "என் இஷ்டமா?" என்று சொல்லிவிட்டு, அவர் எஞ்சினைச் சுற்றி விட்டார். மறுபடி நான் பேசினால் கேட்காத அளவுக்குச் சத்தம். டவுன் பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் சீட்டுக் கொடுக்க வந்து, ஒன்றும் கேட்காமல் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நீ என்னிடம் மெஷின் என்று சொல்கிறாய். பாசத்தில்தான் சொல்கிறாய் என்று நம்புகிறேன். ஆனால் ஓசூரிலிருந்து உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் வருவார்கள், பெண் வீட்டார் பார்ப்பார்கள் என்று உன் மனசின் ஒரு மூலையில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது உன் குற்றமில்லை, என்னிடமிருந்து வந்ததுதான். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று நீ இப்போதே உன்னைக் கேட்டுக்கொள். நான் இவ்வளவு வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் பாதிதான் தெரிகிறது. அவர் மூச்சை நினைத்து நான் பயந்தது நிஜம். அவரை நினைத்து நான் வெட்கப்பட்டதும் நிஜம். பயத்தை மட்டும் எல்லோரிடமும் சொன்னேன். வெட்கத்தை யாரிடமும் சொல்லவில்லை.

கோடாலியா மெஷினா என்பதை இனி நானும் முடிவு செய்யக்கூடாது, நீயும் முடிவு செய்யக்கூடாது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், "அன்னைக்கு உன்னைப் பார்த்து எனக்கு வெக்கமா இருந்துச்சுண்ணே" என்று ஒரு தடவையாவது அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்லியாக வேண்டும். சொன்னால் உன் கல்யாணத்துக்கு வருவாரா, வராமலே போய்விடுவாரா, எனக்குத் தெரியாது. சொல்லாமல் பத்திரிகையை மட்டும் நீட்டினால் கட்டாயம் வந்துவிடுவார், எல்லாச் சீரும் செய்வார், "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படி அவர் வந்துவிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து சேர். என்னோடு விறகுக் கடைக்கு வா. நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். நான் அவரிடம் பேச ஆரம்பிக்கும்போது, "உன் மூச்சுக்கு ஆகாதேன்னுதாண்ணே" என்று என் வாய் ஆரம்பித்தால் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்திவிடு.

உன் அம்மா